உப்பில்லாக் கண்டம்: நாய்க்கும் பூனைக்கும் வீட்டிலேயே ட்ரீட் காயவைக்கும் முறை

இறைச்சியைக் காயவைப்பது நமக்குப் புதிதில்லை. உப்புக்கண்டம் போட்ட வீடுகளும் கருவாடு காயும் கடற்கரைகளும் உள்ள ஊர் இது. ஆனால் அந்தக் கைப்பழக்கத்தை அப்படியே நாய், பூனை ட்ரீட்டுக்குக் கொண்டுவந்தால் வம்புதான். உப்புக்கண்டத்தில் கிருமியை அடக்கி வைப்பது முக்கியமாக உப்பு; வெயில் அதற்குத் துணை. செல்லங்களுக்கு அந்த அளவு உப்பு ஆகாது. உப்பை எடுத்துவிட்டால் மொட்டைமாடித் தட்டில் மிஞ்சுவது 35, 38 டிகிரியில் கிடக்கும் வெறும் பச்சைக் கறி. கிருமி பெருக இதைவிடத் தோதான சூடு கிடையாது. ஈ மொய்ப்பது தனிக் கதை. மஞ்சள் தடவினால் சரியாகிவிடும் என்பார்கள். உப்பு செய்யும் வேலையை மஞ்சள் செய்யாது.

ஆகவே இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் எல்லாமே ஒரே கேள்விக்கான பதில்: உப்பு இல்லாமல் கறியை எப்படிக் கெடாமல் வைப்பது? முதலில் வேகவைக்க வேண்டும், மெல்லிதாக வெட்டியிருக்க வேண்டும், உள்வரை காய வேண்டும், காய்ந்தபின் குளிரில் இருக்க வேண்டும். வெட்டுவதும் அடுக்குவதும் எல்லோருக்கும் வந்துவிடும். புதிதாகச் செய்பவர்கள் கோட்டை விடுவது முதலாவதிலும் மூன்றாவதிலும்தான்.

கருவிகள்

டீஹைட்ரேட்டர் (சூடான காற்றால் உணவைக் காயவைக்கும் இயந்திரம்) இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் நடக்கும். வாங்குவதாக இருந்தால் 70 டிகிரி வரை போகிறதா என்று மட்டும் பாருங்கள். பழம், கீரை காயவைக்க என்றே வரும் சில மாடல்கள் 55 டிகிரியோடு நின்றுவிடும். அவை கறிக்கு ஆகாது. மின்விசிறி பின்பக்கம் உள்ள பெட்டி வகையில் எல்லாத் தட்டும் ஏறக்குறைய ஒன்றாகக் காயும். அடியில் விசிறி வைத்து வட்டத் தட்டுகளை அடுக்கும் வகையில் கீழ்த்தட்டு முதலில் காயும், மேல்தட்டு தூங்கும். அதில் இரண்டு மணிக்கு ஒருமுறை தட்டுகளை மேலும் கீழுமாக மாற்றி அடுக்க வேண்டும். 400 வாட் இயந்திரம் எட்டு மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் 3.2 யூனிட் கரண்ட் ஆகும்.

ஓடிஜி அவன் உள்ளவர்களுக்கு ஒரு சிக்கல்: பெரும்பாலான ஓடிஜிகளில் குறைந்த சூடே 90, 100 டிகிரி. விசிறி வசதி இருந்தால் அதைப் போட்டு, கதவின் இடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகி இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள். ஈரம் வெளியேற வழி வேண்டும். கதவை அடைத்துவிட்டால் கறி காயாது, வேகும். பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் இப்படிச் செய்யுங்கள். ஏர் ஃப்ரையரில் 70 அல்லது 80 டிகிரி வைக்க முடிந்தால் அதுவும் போதும், ஆனால் ஒரு தடவைக்கு 250 கிராமுக்கு மேல் கொள்ளாது. மைக்ரோவேவ் வேண்டாம். ஒரு மூலையில் கருகும், இன்னொரு மூலையில் ஈரமாகவே இருக்கும்.

இவற்றோடு கிராம் காட்டும் சமையல் தராசு, குத்திப் பார்க்கும் வெப்பமானி, மூடி இறுக்கமான கண்ணாடி பாட்டில்கள். தராசு ஆடம்பரமில்லை. காய்ந்ததா இல்லையா என்று கண் சொல்வதைவிட அது சரியாகச் சொல்லும்.

முதல் தட்டு: கோழி நெஞ்சுக்கறி

நாயோ பூனையோ, கோழி ஒவ்வாமை இல்லாதவரை, முதலில் இதையே செய்யுங்கள். கொழுப்பு குறைவு, வெட்டுவது எளிது, தப்பு நடந்தால் உடனே தெரியும். எலும்பில்லாத, தோல் இல்லாத நெஞ்சுக்கறி ஒரு கிலோ. பாக்கெட்டில் வரும் உறைந்த கறியாக இருந்தால் பின்பக்கத்தைப் படியுங்கள். சிலவற்றில் உப்புத் தண்ணீர் ஏற்றியிருப்பார்கள். மசாலா தடவியதைத் தொடவே வேண்டாம்.

கறியைக் குழாயடியில் கழுவும் வழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அந்தத் தெறிப்பில்தான் சால்மோனெல்லா என்ற கிருமி சிங்க் முழுக்கப் பரவுகிறது. எப்படியும் கொதிநீரில் போடப்போகிறோம். கழுவாமல் நேரே பலகைக்கு எடுத்து வரலாம். தொங்கும் மஞ்சள் கொழுப்பு, வெள்ளைச் சவ்வு இரண்டையும் வெட்டி எறியுங்கள். கொழுப்பு காயவே காயாது. தண்ணீர் போனபின்னும் எண்ணெயாகவே நின்று, சில நாளில் சிக்கு வாடை அடிக்கும்.

பிறகு கறியை ஃப்ரீசரில் முக்கால் மணி நேரம் வையுங்கள். கல்லாகக் கூடாது, விரலால் அழுத்தினால் மேலே கெட்டி, உள்ளே கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும். அந்தப் பதத்தில் கத்தி வழுக்காது, 5 மில்லிமீட்டர் வெட்டு சீராக வரும். நார் ஓடும் திசையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாரோடு நீளமாக வெட்டினால் இழுத்து மெல்லும்படி வரும். நல்ல பல் உள்ள நாய்க்கு அது பிடிக்கும். நாருக்குக் குறுக்கே வெட்டினால் காய்ந்தபின் பொடுக்கென்று உடையும். பூனை, குட்டி, பல் போன கிழ நாய் எல்லாவற்றுக்கும் குறுக்கு வெட்டுதான், அதுவும் 3 மில்லிமீட்டர். எந்த வெட்டானாலும் எல்லாத் துண்டும் ஒரே கனமாக இருக்க வேண்டும். ஒரு துண்டு 4, இன்னொன்று 9 என்று இருந்தால், முதலாவது கருகும் நேரத்தில் இரண்டாவது பாதிதான் காய்ந்திருக்கும்.

இப்போது வேகவைப்பது. இதைத் தவிர்த்துவிட்டு நேரே தட்டில் அடுக்கச் சொல்லும் குறிப்புகள் ஏராளம். 70 டிகிரி சூட்டில் எட்டு மணி நேரம் இருக்கப்போகிறதே, கிருமி சாகாதா என்று கேட்கலாம். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது? பானையின் மேல் ஈரம் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொண்டு போகிறது. ஈரக் கறியிலும் அதேதான். பெட்டிக்குள் காற்று 70 டிகிரி இருக்கும், துண்டின் உள்சூடு முதல் சில மணி நேரம் அதைவிட வெகுவாகக் கீழே நிற்கும். அந்த இடைவெளியில் கிருமி பெருகும். கொஞ்சம் காய்ந்ததும், மிஞ்சிய கிருமி வறண்ட நிலையில் சூட்டைத் தாங்கப் பழகிவிடும். அதன்பின் சூடு ஏறியும் பயனில்லை. அமெரிக்க வேளாண்மைத் துறை, மனிதர் சாப்பிடும் ஜெர்க்கிக்கே (காயவைத்த இறைச்சித் துண்டு) கோழியை முதலில் 74 டிகிரி, மாட்டிறைச்சியை 71 டிகிரி உள்சூட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு அப்புறம் காயவைக்கச் சொல்வது இதனால்தான்.

அகலப் பாத்திரத்தில் மூன்று லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்கட்டும். உப்பு வேண்டாம். துண்டுகளைக் கால் கிலோ கால் கிலோவாகப் போடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கொதி அடங்கிவிடும். மறுபடி கொதி வந்த நொடியிலிருந்து மூன்று நிமிடம். தடிமனான துண்டு ஒன்றை எடுத்து வெப்பமானியை அகலவாட்டில் செருகிப் பாருங்கள். 74 காட்ட வேண்டும். அரித்தட்டில் கொட்டி வடியவிட்டு, சுத்தமான பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். ஆறவைத்து ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால், வெயில் நாளில் ஒரு கட்டியை எடுத்து உலர்தீவனத்தின் மேல் போடலாம். தண்ணீர் குடிக்கச் சோம்பும் பூனைக்கு இது மருந்து மாதிரி.

தட்டில் துண்டுக்குத் துண்டு ஒரு விரல் இடைவெளி. ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் அந்த இடம் காயாது. ஓடிஜி தட்டாக இருந்தால் பட்டர் பேப்பர் விரித்து, பாதி நேரத்தில் திருப்பிப் போடுங்கள். கம்பி வலை இருந்தால் திருப்பும் வேலை இல்லை. டீஹைட்ரேட்டரில் 70 டிகிரியில் ஆறிலிருந்து எட்டு மணி நேரம். கதவு திறந்த ஓடிஜியில் 90 டிகிரி என்றால் இரண்டரையிலிருந்து மூன்றரை மணி நேரம். ஏர் ஃப்ரையரில் 80 டிகிரியில் ஒன்றரை மணியிலிருந்தே பார்க்கத் தொடங்கலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எதுவும் இந்தக் கணக்கில் நிற்காது, கூடுதலாக இரண்டு மணி நேரம் பிடிக்கும்.

காய்ந்ததா?

சூடாக இருக்கும்போது எதையும் முடிவு செய்யாதீர்கள். சூட்டில் எல்லாத் துண்டும் வளையும். இரண்டு மூன்றை வெளியே எடுத்து பத்து நிமிடம் ஆறவைத்து வளைத்துப் பாருங்கள். பட்டென்று உடைந்தால் காய்ந்தது. உடையாமல் வளைந்து, மடிப்பில் வெள்ளை நார் மட்டும் தெரிந்தால் முக்கால் பதம். உள்ளே ஈரம் இருக்கிறது. அப்படியே வேண்டுமென்றால் ஃப்ரிட்ஜில் வைத்து நான்கைந்து நாளில் தீர்த்துவிட வேண்டும். கனமான துண்டு ஒன்றைக் குறுக்கே பிய்த்து நடுவைப் பாருங்கள். ஓரமும் நடுவும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். நடுவில் மட்டும் வெளிறிய, மினுமினுப்பான கோடு இருந்தால் அது ஈரம்.

தராசுக் கணக்கு இன்னும் நம்பகம். நெஞ்சுக்கறியில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். ஒரு கிலோ பச்சைக் கறி வெந்தபின் 700, 750 கிராம் ஆகும். சரியாகக் காய்ந்தால் 270இலிருந்து 300 கிராம் தேறும். 350 காட்டினால் வேலை முடியவில்லை. சந்தேகமாக இருந்தால் எடை குறித்துக்கொண்டு இன்னொரு மணி நேரம் ஓட்டுங்கள். நூறு கிராமுக்கு ஒரு கிராம்கூடக் குறையவில்லை என்றால் நிறுத்தலாம்.

கடைசிச் சோதனை கண்ணாடி பாட்டில். நன்றாக ஆறிய துண்டுகளைப் போட்டு மூடி ஓர் இரவு வெளியே வையுங்கள். காலையில் கண்ணாடியின் உள்பக்கம் லேசாகப் பனி பூத்திருந்தால், அல்லது முந்தின நாள் உடைந்த துண்டு இன்று வளைந்தால், திரும்பத் தட்டுக்கு ஏற்றி இரண்டு மணி நேரம். பாட்டில் தெளிவாக இருந்தால்தான் ஃப்ரிட்ஜுக்கு.

அவசரப்பட்டுத் தொடக்கத்திலேயே 110, 120 டிகிரி வைப்பவர்களுக்கு நடக்கும் விபத்து ஒன்று உண்டு. வெளிப்பக்கம் சட்டென்று ஓடு மாதிரி இறுகிவிடும், உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேற வழியிராது. தட்டில் பார்த்தால் பிரமாதமாகக் காய்ந்தது போலிருக்கும். ஐந்தாறு நாளில் உள்ஈரம் மெல்ல வெளியே கசிந்து, பாட்டிலுக்குள் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை ஒரு துண்டில் தெரிந்தாலும் பாட்டிலோடு குப்பைக்கு. சுரண்டிவிட்டுக் கொடுக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். சில பூஞ்சைகளின் நஞ்சு நாய்க்கு வலிப்பு வரவைக்கும்.

நடுவில் கரண்ட் போனால்? ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டால் கதவைத் திறக்காமல் தொடரலாம். அதற்கு மேல் ஆகும் என்று தெரிந்தால் தட்டுகளை ஃப்ரிட்ஜுக்கு மாற்றி, வந்தபின் தொடருங்கள். பாதி காய்ந்த கறி இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெதுவெதுப்பில் கிடந்துவிட்டால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டிவிடுங்கள். மறுபடி வேகவைத்தால் கிருமி சாகும். அதற்குள் சில கிருமிகள் விட்டுப்போன நஞ்சு சூட்டுக்கு மசியாது.

ஈரல், நுரையீரல், சுவரொட்டி

நாய் பழக்குபவர்கள் கையில் எப்போதும் ஈரல் இருப்பதற்குக் காரணம் அதன் வாடை. பத்தடி தள்ளி இருக்கும் நாயும் திரும்பிப் பார்க்கும். கோழி ஈரலில் பித்தப்பை ஒட்டியிருந்தால் உடையாமல் நீக்குங்கள். ஆட்டு ஈரல் என்றால் அரை உறைநிலையில் 5 மில்லிமீட்டராக வெட்டுங்கள். கோழி ஈரலை இரண்டாக வெட்டினால் போதும். கொதிநீரில் ஐந்து நிமிடம், பிறகு 70 டிகிரியில் ஏழெட்டு மணி நேரம். காயும்போது வீடே நாறும். இயந்திரத்தை பால்கனிக்கோ எக்ஸாஸ்ட் விசிறி அருகிலோ கொண்டுபோவது குடும்ப அமைதிக்கு நல்லது. உடைந்த தூளை வீணாக்காமல் மிக்ஸியில் பொடித்து வைத்துக்கொண்டால், சாப்பிட மறுக்கும் நாளில் தீவனத்தின் மேல் ஒரு சிட்டிகை போதும்.

அளவு மீறக் கூடாதது இதுதான். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், அது உடலில் தேங்கும். ஈரலையே மாதக்கணக்கில் தின்ற பூனைகளுக்குக் கழுத்தெலும்பு இறுகிப்போகும் நோய் வரும். காய்ந்த ஈரல், 10 கிலோ நாய்க்கு ஒரு நாளில் 3 கிராம், பூனைக்கு 1 கிராம், அதுவும் வாரத்தில் இரண்டு நாள் என்று வைத்துக்கொண்டால் கவலையில்லை. லாப்ரடார் போன்ற சில இனங்களில் ஈரலில் தாமிரம் தேங்கும் நோய் வருவதுண்டு; அப்படி மருத்துவர் சொல்லியிருந்தால் ஈரல் ட்ரீட்டே வேண்டாம்.

ஆட்டு நுரையீரலைக் கறிக்கடையில் மலிவாகக் கொடுப்பார்கள். நாய் ட்ரீட்டுக்கு இதைவிடத் தோதான பாகம் இல்லை: கொழுப்பு குறைவு, காய்ந்தால் ரஸ்க் மாதிரி லேசாகிவிடும், கையாலேயே பிய்க்கலாம். ஆனால் ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஆடு, மாடுகளின் நுரையீரலிலும் ஈரலிலும் நாடாப்புழுவின் நீர்க்கட்டிகள் இருக்கக்கூடும். பட்டாணியிலிருந்து எலுமிச்சை அளவு வரை வெண்மையாக, உள்ளே தெளிந்த நீரோடு புடைத்திருக்கும். இதைப் பச்சையாகத் தின்ற நாயின் குடலில் புழு வளரும். நாயின் மலத்தில் வரும் முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால் நம் ஈரலில் அதே கட்டி வரும். கட்டி தெரிந்த நுரையீரலைத் தெருநாய் இழுக்காதபடி கட்டி அப்புறப்படுத்துங்கள். தெரியாவிட்டாலும் முழுசாக அரை மணி நேரம் கொதிக்கவைப்பது கட்டாயம். நுரையீரல் மிதக்கும், அதனால் மேலே ஒரு தட்டு வைத்து அழுத்துங்கள். நுரை பொங்கி வழியும், பாத்திரத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் வேண்டாம். ஆறியதும் ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக்கி, கெட்டியான மூச்சுக்குழல் பகுதியை நீக்கிவிட்டு 70 டிகிரியில் ஏழெட்டு மணி நேரம்.

சுவரொட்டியும் (மண்ணீரல்) இதே முறைதான். காய்ந்தால் கறுத்துப்போய், கண்ணாடிச் சில் போல உடையும். பயந்துவிடாதீர்கள், கருகவில்லை.

காய்ந்த கோழிக்கால் இப்போது கடைகளில் பிரபலம். புதியவர்கள் அந்தப் பக்கம் போகவேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வெந்த, காய்ந்த எலும்பு கூராகச் சிலும்பும்; தொண்டையிலோ குடலிலோ குத்தினால் அறுவை சிகிச்சை வரை போகும்.

பூனைக்கு மீன்

வீட்டில் கருவாடு இருக்கிறதே, தண்ணீரில் ஊறப்போட்டுக் கொடுத்தால் என்ன என்பது அடிக்கடி வரும் கேள்வி. ஊறவைத்தால் உப்பு குறையும், போகாது. எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துகொள்ள வழியும் இல்லை. பச்சை நெத்திலி வாங்கி நாமே செய்வதுதான் முறை.

நெத்திலி, மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் கிடந்தாலே அவற்றில் ஹிஸ்டமின் என்ற நஞ்சு சேரத் தொடங்கும். அதைக் கொதிநீரும் அழிக்காது, காயவைப்பதும் அழிக்காது. எனவே கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, ஐஸில் உள்ள மீனாகப் பார்த்து வாங்கி, ஐஸோடே வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது சந்தையில் கிடைப்பதில் பழைய மீன் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த இரண்டு மாதம் கோழியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அரை கிலோ நெத்திலியின் தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். அலசி, கொதிநீரில் மூன்று நிமிடம். மீனுக்கு இந்தக் கொதி இன்னொரு காரணத்துக்காகவும் தேவை. நெத்திலி, மத்தி வகைகளில் பச்சையாக இருக்கும்போது வைட்டமின் பி1ஐ அழிக்கும் நொதி உண்டு. பூனை அதிகம் தின்றால் நரம்பு தளரும். சூட்டில் அந்த நொதி அழிந்துவிடும். ஈரம் ஒற்றி, 70 டிகிரியில் ஐந்திலிருந்து ஏழு மணி நேரம். உடைத்தால் முள்ளும் சேர்ந்து பொடிய வேண்டும். மத்தியாக இருந்தால் வெந்தபின் நடுமுள்ளை உருவிவிடுங்கள். அதில் எண்ணெய் அதிகம், எவ்வளவு காயவைத்தாலும் விரைவில் சிக்கு வாடை வரும். கொஞ்சமாகச் செய்து நேரே ஃப்ரீசரில் வையுங்கள்.

பூனை மெல்லாது, கத்தரித்து விழுங்கும். ஆகவே துண்டு பட்டாணி அளவைத் தாண்டக் கூடாது. முகர்ந்துவிட்டு நகர்ந்தால் ருசியில்லை என்று அர்த்தமில்லை, வாசனை எழவில்லை. உள்ளங்கையில் அரை நிமிடம் வைத்து, அல்லது ஒரு சொட்டு வெந்நீர் தெளித்துக் கொடுங்கள். பூனை மயங்கும் என்று குப்பைமேனியைச் சேர்க்கச் சிலர் சொல்வதுண்டு. பூனைவணங்கி என்று பெயரே இருக்கிறது. வேருக்குப் பூனை கிறங்குவது உண்மைதான், ஆனால் அந்தச் செடியில் நஞ்சும் இருக்கிறது. ட்ரீட்டில் அதற்கு இடமில்லை.

சர்க்கரைவள்ளி

இது நாய்க்கு மட்டும். பூனையின் நாக்குக்கு இனிப்பு தெரியாது, கிழங்கைப் பார்த்தால் உங்களையும் கிழங்கையும் மாறி மாறிப் பார்க்கும். தோல் சீவி 7 மில்லிமீட்டர் வட்டங்களாக வெட்டி, இட்லிப் பானையில் எட்டு நிமிடம் ஆவி காட்டி, 60 டிகிரியில் எட்டிலிருந்து பத்து மணி நேரம். ஆவி காட்டாமல் காயவைத்தால் பல் உடையும் அளவுக்குக் கல்லாகிவிடும். கறுப்பு விழுந்த, அழுகிய கிழங்கு வேண்டாம். சர்க்கரை நோய் உள்ள நாய்க்கும் வேண்டாம். பரங்கிக்காய், கேரட் இதே வழி. பரங்கிக்காயில் தண்ணீர்தான் அதிகம், ஒரு கிலோவுக்கு ஒரு கைப்பிடி தேறும்.

சேர்க்கவே கூடாதவை

வெங்காயம், பூண்டு இரண்டும் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பூனையைக் கெடுக்க இன்னும் கொஞ்சமே போதும். பொடியாகவோ, மசாலாவில் கலந்தோ இருந்தாலும் அதே கதைதான். திராட்சை, உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சைலிட்டால் என்ற இனிப்பு சில பீனட் பட்டர்களில் உண்டு, நாய்க்கு அது உயிர்க்கொல்லி. சாக்லேட், ஜாதிக்காய், உப்பு, மிளகாய்த்தூள், கடைச் சிக்கன் ஸ்டாக் கட்டி எதுவும் வேண்டாம். நமக்குச் சப்பென்று இருப்பது அவற்றுக்குச் சப்பென்று இல்லை.

எவ்வளவு கொடுக்கலாம்

நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ட்ரீட் போகக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் பின்பற்றும் அளவு. காய்ந்த நெஞ்சுக்கறி ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 4 கலோரி. கருத்தடை செய்த, வீட்டோடு இருக்கும் 10 கிலோ நாய்க்கு ஒரு நாள் தேவை சுமார் 630 கலோரி. ஆகவே ட்ரீட்டுக்கு 63, அதாவது 15 கிராம். 5 கிலோ நாய்க்கு 9 கிராம், 25 கிலோ நாய்க்கு 30 கிராம். 4 கிலோ பூனைக்கு 6 கிராம்தான். கேட்க நிறைய போலிருக்கும், ஆனால் விரல் நீளத் துண்டு ஒன்றே 3 கிராம் வரும். இரண்டு துண்டோடு பூனையின் கணக்கு முடிந்தது. பிஸ்கட்டும் தோசை ஓரமும் தனியாகப் போகும் வீடுகளில் இதிலும் பாதிதான்.

வைப்பது

தட்டிலிருந்து எடுத்து இருபது நிமிடம் ஆறியதும் பாட்டிலுக்குப் போய்விட வேண்டும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரைக் காற்றில் இரவு முழுக்கத் திறந்து வைத்தால், எட்டு மணி நேரம் ஓட்டி வெளியேற்றிய ஈரத்தைத் திரும்பக் குடித்துவிடும். எறும்புக்கும் அழைப்பு வைத்தாற்போல ஆகும். பாட்டில் சோதனையில் தேறிய துண்டுகள் ஃப்ரிட்ஜில் மூன்று வாரம், ஃப்ரீசரில் மூன்று மாதம். தேதி எழுதி ஒட்டுங்கள். வெளியே போகும்போது பையில் அன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலங்களை உள்ளே போடாதீர்கள். அவற்றில் இரும்புத்தூள் இருக்கும், கறி வாசனை ஏறிய பொட்டலத்தை நாய் விழுங்கினால் இரும்பு நஞ்சாகிவிடும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த பாட்டிலைக் குளிர் விடும்வரை திறக்கக் கூடாது. சில்லிட்ட துண்டின்மேல் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படிந்துவிடும்.

முதல் முறை கொடுக்கும்போது

நகக்கண் அளவுத் துண்டு ஒன்று. அப்புறம் ஒரு நாள் பொறுங்கள். வாந்தி, பேதி, முகம் வீங்குவது, ஓயாமல் சொறிவது எதுவும் இல்லை என்றால் மறுநாள் இரண்டு. நாய் மென்று முடிக்கும்வரை பக்கத்திலேயே இருங்கள், தண்ணீர்க் கிண்ணம் நிறைந்திருக்கட்டும். தெருநாய்களுக்குக் கொண்டுபோகிறவர்கள் துண்டைச் சிறிதாக்கிக்கொள்ளுங்கள். போட்டியில் மெல்லாமல் விழுங்கும். சிறுநீரக நோய், கணைய அழற்சி உள்ள செல்லங்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம். கொடுத்தபின் உங்கள் கையையும், குழந்தை தொட்டிருந்தால் அதன் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கடை ஜெர்க்கியைப் பழக்கமாகக் கொடுத்தவர்களுக்கு ஒரு தகவல். 2007 முதல் 2015 முடிய, ஜெர்க்கி ட்ரீட் தின்று நாய்கள் நோயுற்றதாக அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவுக்கு ஏறத்தாழ 5,200 புகார்கள் வந்தன. 1,140க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாக அவற்றில் சொல்லப்பட்டிருந்தது. பெரும்பாலானவை சீனாவிலிருந்து வந்த பண்டங்கள். அத்தனை சோதனைக்குப் பிறகும் காரணம் இன்னது என்று உறுதியாகவில்லை. அந்த நாய்கள் சிலவற்றில் சிறுநீரகம் கெட்டு, இரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தும் சிறுநீரில் சர்க்கரை வெளியேறியது. வீட்டில் செய்ததோ கடையில் வாங்கியதோ, ட்ரீட் தொடங்கியபின் நாய் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்து அதிகமாகச் சிறுநீர் கழித்தால், அன்றே நிறுத்திவிட்டு சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். மிச்சமுள்ள துண்டுகளைத் தூக்கி எறியாமல் மூடிய டப்பாவில் கையோடு கொண்டுபோங்கள்.